என்னங்க ஹார்டுவேர்ஸ்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்குக் காற்று வேண்டாம். இப்போதுதான் ஒரு ரயில் காற்று முழுவதையும் முகத்தில் வாங்கிவிட்டு வருகிறேன். நான் கோவில்பட்டி வரைக்கும்தான். நீங்கள்? திருநெல்வேலியா, நல்லது. அப்படியென்றால் அவசரமில்லை.

போன் இருக்கிறதா என்று கேட்டேனே, அது இருக்கட்டும், உடனே நீட்ட வேண்டாம். வீட்டுக்குத்தான் பேச வேண்டும். மனைவிக்கு. என் போனும் அவள் கையில்தான் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன், சாத்தூரில் இறங்கிவிட்டேன், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். இவ்வளவுதான் செய்தி. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். போனை எடுத்ததும் அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாள்? மகளை வெளிநாட்டுக்கே படிக்க அனுப்பிவிட்ட ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு சந்தேகம் வரலாமா, நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் அந்த ஹெல்மெட்டால் வந்தது.

ஹெல்மெட் இல்லை, ஹெல்மி. பின்லாந்துப் பெண். பதினேழு வயது. ஊர்தான் ஹெல்மெட் என்று கூப்பிட்டது. அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்த்தாள். அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் எங்கே இருக்கிறதென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் தோழமைச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதில் நான் துணைத்தலைவர். அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு இது. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று நம் வீட்டில் ஒரு வருஷம் இருந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும். நம் பிள்ளை அங்கே போய் யார் வீட்டிலோ இருந்து படிக்கும். பண்டமாற்று. நான் ஹார்டுவேர் கடைக்காரன், பண்டமாற்று எனக்குப் புரியும். ஆனால் பைப்பைக் கொடுத்து வால்வை வாங்கினால் வால்வு நம்மைக் கேள்வி கேட்காது சார்.

என் மகள் நிறைமதி பின்லாந்துக்குப் போனாள். அவள் படுக்கையில் ஹெல்மி வந்து படுத்தாள். கால் நீளமாகையால் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் தலையணை வைத்துக் கொடுத்தாள். முதல் நாள் அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. இவளுக்கு அந்த மொழி தெரியாது, அவளுக்கு இந்த மொழி தெரியாது. ஸ்டூல் பேசியது.

பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் போட்டார்கள். இரட்டைச் சடை, ரிப்பன், சுடிதார், மேல்கோட்டு. முதல் நாளே அசெம்பிளியில் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்து, "குட் மார்னிங் ஜெசிந்தா" என்றிருக்கிறாள். ஆயிரம் பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மெயின் ரோடு வரை கேட்டதாகச் சொன்னார்கள். நான் ஓடினேன். "மேடம், அவங்க ஊர்ல அப்படித்தானாம்" என்றேன். அந்த அம்மா, "எங்க அம்மா போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அந்தப் பேரைக் கேக்குறேன்" என்றார். திட்டுகிறாரா இல்லையா என்று பிடிபடவில்லை. நான் மன்னிப்பு கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஊரில் 'நீங்கள்' என்ற சொல் இருக்கிறதாம், ஆனால் யாரும் எடுப்பதில்லையாம். பரணில் கிடக்கிற பித்தளை அண்டா மாதிரி. எல்லாருக்கும் எல்லாரும் நீ. வாத்தியாரும் நீ, டாக்டரும் நீ. வீடியோவில் பேசும்போது என் மகளே, தான் தங்கியிருக்கிற வீட்டுப் பெரியவரைப் பார்த்து, "யூஹா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்கிறாள். அறுபது வயசு ஆள் சார். அவரும் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெல்மி தமிழ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். புத்தகத்தில் இல்லை, காதில். நாங்கள் பேசுவதைக் கேட்டு அப்படியே திரும்பச் சொல்வாள். கிளி மாதிரி, ஆனால் கிளியைவிடச் சுத்தமாக. வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு காலையில் நான் தெருவில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாடியிலிருந்து ஒரு குரல்.

"என்னங்க, இட்லி ஆறுது."

என் மனைவி என்று நினைத்து நிமிர்ந்தேன். ஹெல்மெட் நிற்கிறது. எதிர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் மாடிக்கு ஓடினேன். என் மனைவி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மயக்கமோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறாள் சார். சத்தமே வராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று கேட்டேன். அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

அந்தப் பெண் என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? வெளியே என் பெயர் மிஸ்டர் முத்து. வீட்டில் செல்லப் பெயர் என்னங்க. என் மனைவி நாளெல்லாம் அப்படித்தானே கூப்பிடுகிறாள். "என்னங்க, தண்ணி வந்துருச்சு. என்னங்க, சாவி எங்க." ஹெல்மி அதைப் பெயரென்றே எடுத்துக்கொண்டாள். அங்கிள் என்று கூப்பிடு என்றேன். "அங்கிள் ஒரு பேர் இல்லையே" என்றாள். அப்பா என்று கூப்பிடு என்றேன். "எனக்கு அப்பா இருக்கார். நீங்க என்னங்க" என்றாள். ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பெண் மனம் கோணி வேறு வீடு கேட்டுவிட்டால் அங்கே என் மகளுக்குச் சிக்கல் வருமோ என்று ஒரு பயம். பொறுத்துக்கொண்டேன்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஹெல்மிக்குப் பாவாடை தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து என் மனைவி கூட்டிவந்தாள். மேடையில் ஹெல்மி தமிழிலேயே பேசினாள். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, முதல் இரண்டு வாக்கியம் வரைக்கும்.

"எனக்குக் கோவில்பட்டியில ஒரு வீடு இருக்கு. வீட்டுல ஒரு அம்மா. அவங்க பேர் இந்தா. ஒரு அப்பா. அவர் பேர் என்னங்க. என்னங்க, எழுந்து நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

நான் எழுந்து நின்றேன். வேறென்ன செய்வது, மைக்கில் கூப்பிட்டுவிட்டாளே. மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. மாவட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். இந்தா எதற்கு என்று கேட்கிறீர்களா? அது நான் அவளைக் கூப்பிடுவது. இந்தா, சட்டையை எடு. இந்தா, யார் வந்திருக்கா பாரு. எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே. அதற்கு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. என்னங்கவுக்குத்தான் சிரித்தார்கள். பாதிக்கப்பட்டது நான்தான்.

மறுநாள் காலை கடை திறக்கிறேன். எதிர்க்கடை பெயிண்ட் வியாபாரி வேலுச்சாமி, முப்பது வருஷமாக எனக்குப் போட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னங்க, கடை திறந்தாச்சாவே?" என்கிறான். பிறகு கொத்தனார்கள், பிளம்பர்கள், எலக்ட்ரீஷியன்கள். "என்னங்க, ஒரு அரை இஞ்ச் எல்போ குடுங்க." பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது, "என்னங்க ஹார்டுவேர்ஸ்" என்று கத்திவிட்டுப் போகும். முத்து ஹார்டுவேர்ஸ் என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது. அதைப் படிக்க ஆளில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவள், "என்னங்க, ரசம்" என்றாள். அவ்வளவுதான். வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது. உன்னாலதான் இவ்வளவும். நீ சொல்லப்போயிதானே அது கத்துக்கிடுச்சு."

"எந்த வார்த்தையை?"

"அதான், அந்த வார்த்தை."

"சரி" என்றாள்.

ஒரு கோபத்தில் சொல்வதுதான் சார். ரெண்டு நாளில் மறந்துபோயிருக்க வேண்டிய விஷயம். எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், எதையும் அவள் இப்படி வார்த்தை பிசகாமல் பின்பற்றியதில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு வா என்று இருபது வருஷமாகச் சொல்கிறேன். இதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்றும் வரவில்லை. அதுதான் பிரச்சினை.

என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இருமுவாள். கரண்டியால் குக்கரைத் தட்டுவாள். சுவரைப் பார்த்து, "சாப்பாடு ரெடி" என்பாள். ஒரு தரம் நான் கொல்லையில் திரும்பி நின்றுகொண்டிருந்தேன், முதுகில் தண்ணீர் தெளித்தாள். என்ன என்று கேட்டால், "கேஸ்காரன் வந்திருக்கான்" என்கிறாள். நிறைமதி அப்பா என்று கூப்பிடலாமே என்றேன். வாயைத் திறந்து, "நிறை" என்று தொடங்கினாள். அத்தோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகளை விட்டுப் பிரிந்திருக்கிறாள் அல்லவா. அந்த வழியும் அடைந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஹெல்மிக்குத் தன் பெயரைப் பற்றி ஒரு ஆராய்ச்சி. அவர்கள் மொழியில் ஹெல்மி என்றால் முத்து என்று அர்த்தமாம். ஆமாம் சார், கடலில் எடுக்கிற முத்து. இது எனக்கு அப்போது தெரியாது. என் மனைவியிடம் தன் காதுத்தோட்டைக் காட்டி, "இதுதான் என் பேர், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "வெள்ளைமணி" என்றிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் பெயருக்கு அர்த்தம் கேட்க, அந்தப் பெண் எழுந்து நின்று தோட்டைக் காட்டி, "வெள்ளைமணி" என்றிருக்கிறது. பிள்ளைகள் சிரித்துத் திருத்தியிருக்கின்றன. நேராக வீட்டுக்கு வந்து, புத்தகப்பையைக்கூட இறக்காமல் கேட்டது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"வடிவு, ஏன் எனக்குத் தப்பாச் சொன்னீங்க? அது முத்து."

வடிவா? என் மனைவிதான். சண்முகவடிவு. மேடைக் கூத்துக்குப் பிறகு அவள் பெயர் இந்தா இல்லை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண் வீடு முழுக்க வடிவு, வடிவு. முதல் நாள் இவள் திரும்பிப் பார்க்கவேயில்லை, பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தாள். பெரியவர்களை அப்படிக் கூப்பிடக்கூடாதென்று நான் கண்டிக்கப் போனேன். "கூப்பிட்டுப் போகட்டும்" என்றாள். அவளுக்கு மரியாதை வேண்டாமென்றால் நான் என்ன செய்ய முடியும்.

"அந்தச் சொல்லை நான் சொல்லக்கூடாதும்மா" என்றாள் இவள்.

"ஏன்?"

"அது அவுக பேரு."

"பேரைச் சொன்னா என்ன?"

"ஆயுசு குறையும்."

"யாருக்கு?"

"அவுகளுக்கு."

நியாயமான பதில்தானே சார். இவள் மாலை கோத்தாலும் வெள்ளைமணி, மகளுக்குக் கம்மல் வாங்கினாலும் வெள்ளைமணி. எங்கள் கடைப்பெயரை யாராவது கேட்டால், "எங்க கடை" என்பாள். அப்படி வளர்ந்தவள். ஹெல்மி என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு, "அப்புறம் எதுக்கு உங்களுக்குப் பேர் வெச்சாங்க?" என்றது.

"கடைப்பலகையில எழுத" என்றேன். சரியான பதிலடி.

ஆனால் முழுப்பெயர் என்ன என்று விடாமல் கேட்டது. பலகையின் ஓரத்தில் சின்னதாக இங்கிலீஷில் ஐ. முத்து என்றிருக்கிறது, அந்த ஐ எதற்கு? நான் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டுவிட்டது, யார் சொன்னார்களோ. உங்களிடம் சொல்வதற்கென்ன, இசக்கிமுத்து. கடை ஆரம்பித்தபோது இசக்கியைச் சுருக்கிவிட்டேன். வேன்காரன், சிமெண்ட் கம்பெனிக்காரன் எல்லாம் வருகிற இடம், கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று. என் அம்மாதான் முழுதாகக் கூப்பிடுவாள். அவள் போனபிறகு அந்தப் பெயரும் போய்விட்டது.

சாயங்காலம் கடையிலிருந்து வருவேன். அடுப்படியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஹெல்மி நிறுத்தி நிறுத்தி, "இ, சக், கி" என்று சொல்லும். இவள் மெதுவாக ஏதோ முனகுவாள். சிரிப்பு. மறுபடி, "முத், து." மறுபடி முனகல். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். பாவம், அந்தப் பெண்ணுக்கு இவள் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஹெல்மிக்கு ஏற்கனவே நன்றாகத்தான் வந்தது. இன்னும் என்ன சொல்லிக்கொடுக்கிறாளோ என்று ஒரு நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பெண்கள் விஷயம்.

இன்றைக்கு அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பியது. பகல் வண்டியில் சென்னை, அங்கிருந்து விமானம். துணைக்குச் சங்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா. பெட்டிகள் இரண்டும் கல் மாதிரி. கடலைமிட்டாய். ஊர் பூராவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. ஜெசிந்தா மேடம் ஸ்டேஷனுக்கே வந்து கொடுத்தார். வேலுச்சாமிகூட வந்தான் சார். வண்டி கோவில்பட்டியில் நிற்பது கண்ணிமைக்கிற நேரம். நான் போனை மனைவி கையில் கொடுத்து, வீடியோ எடு, சங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினேன்.

ஒரு பெட்டியை மேலே தள்ளிவிட்டேன். இரண்டாவது பெட்டி இடிக்கிறது. உள்ளே ஒருத்தர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். அவரோடு நான் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறேன். வண்டி நகர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அப்போது பிளாட்பாரத்தில் ஒரு குரல்.

"இசக்கிமுத்து, இறங்கு."

நல்ல கணீரென்ற குரல். கோயில் மணி மாதிரி என்று சொல்வார்களே, அப்படி. யாரோ ஒரு அம்மா தன் மகனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். எந்தப் பயல் இந்த இசக்கிமுத்து, வண்டி நகரும்போது உள்ளே என்ன செய்கிறான், பெற்றவள் இப்படித் தவிக்கிறாளே என்று ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் என் மனைவி வண்டியோடு கூட ஓடி வருகிறாள். ஒரு கையில் என் போன், இன்னொரு கையில் செருப்பு.

"இசக்கிமுத்து, உன்னைத்தான். இறங்கு."

நான் அந்தப் பயலைத் தேடினேன் சார். உண்மையைச் சொல்கிறேன். திரும்பி, படுத்திருந்தவரைப் பார்த்தேன், அவர்தானோ என்று.

கதவுக்கு வருவதற்குள் பிளாட்பாரம் முடிந்துபோய்விட்டது. வேலுச்சாமி, ஜெசிந்தா மேடம், சங்கத்துக்காரர்கள் எல்லாரும் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெல்மியின் எதிரில் உட்கார்ந்தேன். அது அழுதுகொண்டே சிரித்தது, இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்கிறதோ. "வடிவுக்கு 'சக்' வரவே வராது. இன்னைக்கு வந்துருச்சு" என்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுப்படியில் கேட்ட முனகல் யாருடையது என்று அப்புறம்தான் உறைத்தது.

"பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு உனக்குத் தெரியும்ல" என்று கேட்டேன்.

"அதான் மெதுவாச் சொல்லிப் பழகினோம்" என்றது.

சாத்தூர் வந்துவிட்டது. இறங்கும்போது அது என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன், என்னங்க" என்றது. இத்தனை மாதம் கழித்து எங்கள் வீட்டு ஆள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ரயில்வேக்காரர்கள் ஜன்னலை ஒழுங்காக வைப்பதில்லை.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பெயரைச் சொன்னதுகூடப் போகட்டும். அவசரம், ஆபத்து, சரி. 'இறங்குங்க' என்று சொல்லியிருக்கலாமே. அந்த 'ங்க'வைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வண்டி அதற்குள் மதுரைக்கா போய்விடும்? நான் ஒரு வார்த்தையைத்தான் வேண்டாமென்றேன். அதற்காக எல்லா வார்த்தையிலிருந்தும் ங்கவைக் கிள்ளி எடுத்துவிடுவதா? கடையில் ஒரு நட்டு வேண்டாமென்றால் போல்ட் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போன மாதிரி. நீங்கள் அவள் பக்கம் பேசுகிற மாதிரி சிரிக்கிறீர்கள். கல்யாணமாகிவிட்டதா? உங்களை வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள்? சரி, சொல்ல வேண்டாம்.

நாலாட்டின்புதூரா வந்தது? இல்லை, அது கோவில்பட்டியைத் தாண்டித்தான். இன்னும் நேரம் இருக்கிறது. கொடுங்கள் போனை. என் நம்பரையே நான் போட வேண்டியிருக்கிறது பாருங்கள். மணி அடிக்கிறது.

ஹலோ. நான்தான்.

நான்தான். பஸ்ஸுல வாரேன்.

சார், யாரென்று கேட்கிறாள். உங்கள் நம்பர் அல்லவா, அவளுக்குத் தெரியாது. இந்தா, நான்தான் பேசுதேன். கேக்கலையா? நான்தான்னா நான்தான், வேற யாரு. எத்தனை பேரு உனக்கு நான்தான். ஏய், வச்சிராத. வச்சிராத, வச்சிராத.

இசக்கிமுத்து.

ஆமா. இசக்கிமுத்து பேசுதேன்.

ம்.

ம். சாத்தூர் தாண்டியாச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவேன். ம். சரி.

வைத்துவிட்டாள். இந்தாருங்கள் போன், ரொம்ப நன்றி.

என்ன சொன்னாளா? முதலில் மூச்சுதான் கேட்டது. ஓடியிருக்கிறாள் அல்லவா, இன்னும் வாங்குகிறது. அப்புறம், "எங்க இருக்க?" என்றாள். இருக்கீங்க இல்லை. இருக்க. நான் கவனித்தேன். 'சாப்பிட்டியா' என்றாள், அதிலும் இல்லை.

ஆனால் அந்த 'எங்க'வில் ஒரு 'ங்க' இருந்தது சார். கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரிதான் இருந்தது.